மேட்டில் திணறும் பழைய வண்டி: கார்புரேட்டரைச் சரிசெய்வதா, இன்ஜெக்ஷனுக்கு மாறுவதா?

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் காட்டுப்பாதைக்குக் கொண்டுபோகத் தொடங்கியதும் சில தொல்லைகள் தலைகாட்டும். செங்குத்தான மேட்டில் எஞ்சின் திணறி நிற்கும், உயரம் ஏற ஏறக் கரும்புகை தள்ளும், வெயிலில் நிறுத்தி எடுத்தால் கிளம்ப மறுக்கும். கேட்டால், பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை நன்றாக ட்யூன் செய்யுங்கள் என்பார் ஒருவர். அதைக் கழற்றிவிட்டு, கணினி கணக்கிட்டபடி பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் போடுங்கள் என்பார் இன்னொருவர். என்ன கோளாறு என்று பார்க்காமல் இரண்டில் எதைச் செய்தாலும் பணமும் உழைப்பும் வீணாகும். கார்புரேட்டரில் ஏற்பட்ட பழுது வேறு, கார்புரேட்டர் என்ற கருவிக்கே உள்ள எல்லை வேறு. பழுதை ட்யூனிங்கால் நீக்கலாம். எல்லையைத் தாண்டத்தான் இன்ஜெக்ஷன் தேவை. உங்கள் வண்டியின் தொல்லை எந்த வகை என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

கார்புரேட்டரின் எல்லை எங்கே இருக்கிறது?

எஞ்சின் இழுக்கும் காற்று, கார்புரேட்டரின் குறுகிய கழுத்தான வென்சுரி வழியாக வேகமாகப் பாய்கிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. பக்கத்து ஃப்ளோட் அறையில் தேங்கியிருக்கும் பெட்ரோல், ஜெட் எனப்படும் சிறு துளை வழியாக அந்தக் காற்றுக்குள் உறிஞ்சப்படுகிறது. மின்சாரமோ கணக்கீடோ இல்லாமல் அழுத்த வேறுபாட்டை மட்டும் வைத்து நடக்கும் அருமையான ஏற்பாடு இது. ஆனால் இது சரியாக நடக்க, அறையில் பெட்ரோல் மட்டம் ஒரே நிலையில் இருக்க வேண்டும்.

வண்டி சாயும்போது அந்த மட்டம் கெடுகிறது. ஃப்ளோட் அறை வண்டியின் முன்பக்கத்தை நோக்கி இருந்தால், ஏற்றத்தில் அறை உயர்ந்து பெட்ரோல் தானாகவே கழுத்துக்குள் வழியும். எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும். இறக்கத்தில் நேர்மாறாகப் பெட்ரோல் போதாமல் போகும். அறை பின்பக்கம் இருந்தால் இரண்டும் இடம் மாறும். பாறைகள் மீது குலுங்கும்போது, மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டும் துள்ளும். அறைக்குள் பெட்ரோலை விடும் நீடில் வால்வு திறந்து மூடி, மட்டம் ஏறி இறங்கும்.

உயரம் இன்னொரு எல்லை. மேலே போகப்போகக் காற்றின் அடர்த்தி குறைகிறது. ஆனால் ஜெட்டின் துளை அப்படியேதான் இருக்கிறது. கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 74 சதவீத அடர்த்திதான் 3000 மீட்டர் உயரத்தில் இருக்கும். காற்றின் எடை அடர்த்திக்கு ஏற்பக் குறைகிறது. பெட்ரோல் வரத்தோ அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மட்டுமே குறைகிறது. அதனால் கீழே சரியாக இருந்த கலவையில் அங்கே பெட்ரோல் சுமார் 16 சதவீதம் கூடிவிடுகிறது. கரும்புகைக்குக் காரணம் இதுதான். ஒன்றை மட்டும் இப்போதே தெளிவுபடுத்திவிடுகிறேன்: இன்ஜெக்ஷன் போட்டாலும் உயரத்தில் இழந்த இழுவை முழுவதும் திரும்பாது. கலவை சரியாகும், புகை போகும். இல்லாத காற்றை எந்தக் கணினியாலும் வரவழைக்க முடியாது.

வெப்பம் மூன்றாவது. மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினின் பக்கத்திலிருந்து டேங்கை நோக்கி உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவாக இருப்பதால், சூட்டில் பெட்ரோல் எளிதில் ஆவியாகி வரத்தை அடைத்துவிடும்.

முதலில் எஞ்சினைச் சோதியுங்கள்

கார்புரேட்டர்மீது சுமத்தப்படும் பழிகளில் பெரும்பகுதி அதைச் சேர்ந்ததே அல்ல. பற்றவைப்பும் வால்வுகளும் சரியில்லாத எஞ்சினில் கலவைத் திருகைத் தொடுவதில் பயனில்லை. எனவே இந்த வரிசையை மாற்றாதீர்கள்: கம்ப்ரஷன் சோதனை, டேப்பெட் இடைவெளி, ஸ்பார்க் பிளக், பாயின்ட் இடைவெளி, இக்னிஷன் டைமிங், அதன்பின் வேக்வம் கசிவு, அதாவது எஞ்சின் உறிஞ்சும் வழியில் வெளிக்காற்று நுழைவது. எல்லா அளவுகளையும் உங்கள் எஞ்சினின் சர்வீஸ் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

வேக்வம் கேஜ் ஒன்று வாங்குங்கள். எளிய கருவி, சொல்லும் சேதியோ ஏராளம். கார்புரேட்டருக்குக் கீழே, கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டில் அதை இணைத்து, சூடேறிய எஞ்சினை ஐட்லிங்கில் விடுங்கள். கடல் மட்டத்தில் ஆரோக்கியமான எஞ்சின் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை, ஆடாமல் காட்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். முள் தாழ்ந்து நிலையாக நின்றால் டைமிங் பிந்தியிருக்கிறது, அல்லது எங்கோ காற்று கசிகிறது. சீரான இடைவெளியில் துடித்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக அமரவில்லை.

கசிவு தேடும்போது, கார்புரேட்டரின் காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டின் தண்டை மறக்காதீர்கள். அதை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். நன்றாக ஆடினால் அந்தத் தேய்ந்த துளை வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைகிறது. எத்தனை முறை ட்யூன் செய்தாலும் அந்த கார்புரேட்டர் அடங்காது. புஷ் போட வேண்டும், இல்லையேல் வேறு கார்புரேட்டர் மாற்ற வேண்டும்.

கார்புரேட்டரை ட்யூன் செய்யும் முறை

கழற்றிச் சுத்தம் செய்து, புதிய கேஸ்கெட், டயஃப்ரம், நீடில் வால்வு போட்டபின் தொடங்குங்கள். ஜெட்டின் துளையில் கம்பி விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை அகன்றுவிடும். கார்புரேட்டர் கிளீனரும் அழுத்தக் காற்றும் போதும்.

முதலில் பெட்ரோல் அழுத்தம். பல கார்புரேட்டர்களுக்கு 0.2 முதல் 0.4 பார் வரை போதும். அதிகமானால் நீடில் வால்வால் தாங்க முடியாமல் அறை நிரம்பி வழியும். எலெக்ட்ரிக் பம்ப் போட்டவர்கள் இதை அவசியம் அளந்து பார்க்க வேண்டும்.

அடுத்து ஃப்ளோட் மட்டம். காட்டுப்பாதை வண்டிக்கு இதைவிட முக்கியமான அளவு வேறில்லை. கையேடு சொல்லும் அளவில் முதலில் வையுங்கள். ஏற்றத்தில் பெட்ரோல் வழிகிறது என்றால், மட்டத்தை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்துச் சோதிக்கலாம். மிகவும் குறைத்தால் முழு வேகத்தில் பெட்ரோல் போதாது, எஞ்சின் சூடாகும். ஸ்பிரிங் வைத்த நீடில் வால்வு கிடைத்தால் அதையே போடுங்கள். குலுங்கலை நன்றாகத் தாங்கும். அறையின் காற்றுத் துளைகளைக் குழாய் வைத்து உயர்த்துவதும் உதவும். சாயும்போது பெட்ரோல் அந்த வழியாக எஞ்சினுக்குள் கொட்டாது.

இனி ஐட்லிங் கலவை. எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கட்டும், சோக் முழுமையாகத் திறந்திருக்கட்டும். எஞ்சினை அணைத்து, கலவைத் திருகை உள்ளே மெதுவாக முட்டும்வரை திருப்புங்கள்; இறுக்கினால் அதன் கூர்முனை நசுங்கிவிடும். பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து எஞ்சினைக் கிளப்புங்கள். கால் சுற்றாக உள்ளே திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் எஞ்சின் தடுமாறும். அங்கிருந்து வெளியே திருப்புங்கள். வேக்வம் முள் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிற்கும். முள் உச்சத்துக்கு வரும் இடத்திலேயே நிறுத்துங்கள், அதற்குமேல் திறக்காதீர்கள். இப்போது ஐட்லிங் வேகம் கூடியிருக்கும். த்ராட்டில் திருகால் குறைத்துவிட்டு, கலவையை மறுபடி பாருங்கள். இரண்டு திருகு இருந்தால் இரண்டையும் ஒரே அளவாகத் திருப்ப வேண்டும்.

திருகை எப்படித் திருப்பினாலும் எஞ்சினில் மாற்றமே இல்லையா? அது மிக நல்ல தடயம். ஒன்று, ஐட்லிங் ஜெட் அடைத்திருக்கிறது. அல்லது த்ராட்டில் தகடு அளவுக்கு மேல் திறந்திருப்பதால், எஞ்சின் ஐட்லிங் துளையை விட்டு அடுத்த துளையிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. அல்லது பாரம் கூடும்போது கூடுதல் பெட்ரோல் தரும் பவர் வால்வு கசிகிறது. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஆக்சிலரேட்டர் பம்புக்குச் சோதனை எளிது. எஞ்சினை அணைத்துவிட்டு, மேலிருந்து எட்டிப் பார்த்தபடி த்ராட்டிலைத் திறக்க வேண்டும். திறந்த கணமே பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் அதுதான் பெடலை மிதிக்கும்போது வரும் தடுமாற்றம். கையாலோ வாயாலோ கழுத்தை மூடிச் சோதிக்கும் பழக்கம் ஆபத்தானது, வேண்டாம்.

கடைசியாக மெயின் ஜெட். பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சொல்வது பழைய வழி. இன்றைய பெட்ரோலில் அது முன்போலத் தெளிவாகக் காட்டுவதில்லை. சைலன்சர் குழாயில் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் பொருத்துவதையே நான் வலியுறுத்துவேன். பிற்பாடு இன்ஜெக்ஷனுக்குப் போனாலும் அதே துளை பயன்படும். தூய பெட்ரோலுக்குச் சரியான விகிதம் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, எடையில். சீரான ஓட்டத்தில் அதை ஒட்டியும், முழு பாரத்தில் 12.5 முதல் 13 வரையும் இருந்தால் நிம்மதி. பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் இந்தக் கணக்கு மாறும்: 10 சதவீதம் கலந்தால் சரியான விகிதம் சுமார் 14.1, 20 சதவீதம் கலந்தால் சுமார் 13.5. தூய பெட்ரோலுக்கென ஜெட் வைத்த பழைய எஞ்சினில் கலவை மெலிந்துபோகும் என்பதே இதன் பொருள். ஆகவே மீட்டரில் லாம்டா அளவை, அதாவது இருக்கும் விகிதத்தைச் சரியான விகிதத்தால் வகுத்த எண்ணைப் பாருங்கள். எந்த எரிபொருளானாலும் சரியான இடம் 1.0 தான். பழைய ரப்பர் ஹோஸ், டயஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

வெபர் போன்ற கார்புரேட்டர்களில் ஜெட் எண் என்பது துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக: 130 என்றால் 1.30 மி.மீ. துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே 3000 மீட்டரில் 16 சதவீத மிகுதியைக் குறைக்க, 130 இருந்த இடத்தில் 120 போட்டால் ஏறத்தாழச் சரியாகும். மலையிலேயே நெடுநாள் தங்குபவருக்கு இது போதும். காலையில் சமவெளியும் மாலையில் கணவாயும் கடப்பவருக்கு எந்த ஜெட்டும் முழுமையாகப் பொருந்தாது. இறங்கி வரும்போது பழைய ஜெட்டைத் திரும்பப் போட மறக்கவே கூடாது. மெலிந்த கலவையில் பாரம் இழுத்தால் பிஸ்டனும் வால்வும் கெடும்.

முடிவெடுக்கும் இடம்

இத்தனையும் செய்தபின் வண்டியைப் பழைய பாதைக்கே கொண்டுபோங்கள். சமதளத்தில் நன்றாக ஓடி, காலையில் எளிதாகக் கிளம்பி, மேட்டிலும் பக்கச் சரிவிலும் மட்டும் இன்னும் நிற்கிறதென்றால், அது கருவியின் எல்லை. உயர மாற்றம் உங்கள் பயணங்களில் அடிக்கடி வருகிறதென்றால் அதுவும் அப்படியே. இந்த நிலையில் இருப்பவர்கள் இன்ஜெக்ஷனுக்கு மாறலாம், தாராளமாக. தொல்லை எல்லாம் ட்யூனிங்கிலேயே தீர்ந்துவிட்டவர்கள் அங்கேயே நின்றுகொள்வது நல்லது. உதிரிபாகம் எட்டாத தொலைவுகளில் தனியாகச் சுற்றுபவர்களுக்கும் ஸ்க்ரூடிரைவரால் திருத்தக்கூடிய கார்புரேட்டர் பெரிய துணை.

மாற்றும் முன், எஞ்சின் மாற்றங்கள் குறித்தும் புகை அளவு குறித்தும் நீங்கள் வாழும் இடத்தின் விதிகளையும், வண்டியின் காப்பீட்டு நிபந்தனைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வழிகள்

முதல் வழி, கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே அமரும் த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன். ஹோலி ஸ்நைப்பர் போன்றவை இந்த வகை; எஞ்சினை நடத்தும் சிறு கணினியான ஈசியு அதனுள்ளேயே இருக்கும், ஓடஓடத் தானே கற்றுக்கொள்ளும். மேனிஃபோல்டை மாற்ற வேண்டாம். புதியவருக்கு நான் பரிந்துரைப்பது இதையே.

இரண்டாவது வழி, அதே குடும்பத்தைச் சேர்ந்த பிந்தைய எஞ்சினின் தொழிற்சாலை இன்ஜெக்ஷனை எடுத்து வைப்பது. ஜீப்பின் 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு, 1987இல் இன்ஜெக்ஷனுடன் வந்த 4.0 லிட்டர் எஞ்சினின் பாகங்களைப் பொருத்துவது பலரும் நடந்த பாதை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் இருப்பதால் பெட்ரோல் பகிர்வு மிகச் சீராக இருக்கும். இதில் செல்பவர் பாகங்களைத் துண்டு துண்டாக வாங்கக் கூடாது. வயரிங், ஈசியு, சென்சார்கள், கனெக்டர்கள், கிராங்க் சென்சார் படிக்கும் பல்சக்கரம் வரை ஒரே வண்டியிலிருந்து எடுக்க வேண்டும். இம்மொபிலைசர் உள்ள பிந்தைய வண்டியின் ஈசியு, தன் சாவியைக் காணாமல் எஞ்சினைக் கிளப்ப விடாது.

மூன்றாவது, மெகாஸ்கொயர்ட் போன்ற தனி ஈசியு வாங்கி எல்லாவற்றையும் நீங்களே அமைப்பது. கற்பதற்கு இதைவிட நல்ல பள்ளி கிடையாது. ஆனால் தினமும் ஓட்டியாக வேண்டிய வண்டியில் தொடங்காதீர்கள். இன்ஜெக்டர் அளவுக்கு ஒரு கணக்கு: குதிரைத்திறனை 0.5ஆல் பெருக்கி, இன்ஜெக்டர் எண்ணிக்கையாலும் 0.8ஆலும் வகுத்தால் ஒரு இன்ஜெக்டருக்கு மணிக்கு எத்தனை பவுண்டு பெட்ரோல் என்று வரும். 100 குதிரைத்திறன், நான்கு இன்ஜெக்டர் என்றால் சுமார் 16 பவுண்டு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 165 சி.சி.

உண்மையான வேலை டேங்கில்தான்

பளபளக்கும் த்ராட்டில் பாடியைப் பொருத்த ஒரு மதியம் போதும். மாற்றத்தின் வெற்றி தோல்வியை நிர்ணயிப்பது பெட்ரோல் வரத்து. இங்கே சிக்கனம் பார்ப்பவர்கள் எல்லோரும் பின்னால் வருந்துகிறார்கள்.

இன்ஜெக்ஷனுக்குப் பொதுவாக 3 முதல் 4 பார் வரை அழுத்தம் வேண்டும். கார்புரேட்டரின் அழுத்தத்தைப்போல் பத்து மடங்கு. பழைய ஹோஸும் பழைய கிளிப்பும் இதைத் தாங்காது. இன்ஜெக்ஷனுக்கென்று தரம் குறிக்கப்பட்ட ஹோஸும், பள்ளம் வெட்டாத முழுப்பட்டை கிளிப்பும் மட்டுமே போடுங்கள். சூடான எஞ்சின்மீது இந்த அழுத்தத்தில் பீய்ச்சும் பெட்ரோல் நொடியில் தீப்பிடிக்கும்.

பம்ப் டேங்குக்குள் மூழ்கியிருப்பதே மேல். பெட்ரோல் அதைக் குளிர்விக்கும். அது உறிஞ்சாமல் தள்ளுவதால் ஆவி அடைப்பும் அரிது. வெளியே வைத்தே ஆக வேண்டுமென்றால் டேங்குக்கு அருகில், அதன் அடிமட்டத்துக்குத் தாழ்வாக வையுங்கள். பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் வடிகட்டி, பின்னால் 10 மைக்ரான் வடிகட்டி. உள்ளே துருப்பிடித்த டேங்கைச் சுத்தம் செய்யாமல் எதையும் இணைக்காதீர்கள். மிகுதிப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாய் ஒன்றும் போடுங்கள். ஓடிக்கொண்டே இருக்கும் பெட்ரோல் எஞ்சின் அருகே தேங்கிச் சூடாவதில்லை.

புதியவர்கள் எதிர்பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. சாய்வைத் தாங்குவதற்காக இன்ஜெக்ஷன் போடுகிறோம். ஆனால் டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது சரிவில் பம்பின் வாய் காற்றை உறிஞ்சினால், இன்ஜெக்ஷன் எஞ்சின் உடனே தடுமாறும். கார்புரேட்டர் அறையில் தேங்கிய பெட்ரோல் சில நொடிகள் சமாளித்திருக்கும். இங்கே அந்தச் சேமிப்பு இல்லை. எனவே தடுப்புத் தகடுகள் உள்ள டேங்க் வேண்டும், அல்லது ஒன்றிரண்டு லிட்டர் கொள்ளும் சர்ஜ் டேங்க் வேண்டும். பழைய குறைந்த அழுத்தப் பம்ப் அந்தச் சிறு டேங்கை நிரப்பிக்கொண்டே இருக்கும். உயர் அழுத்தப் பம்ப் அதிலிருந்து எடுக்கும். காட்டுப்பாதை வண்டியில் இதைத் தவிர்க்காதீர்கள்.

வயரிங்

ஈசியுவின் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டும் நேராக பேட்டரிக்குப் போக வேண்டும். சாவி திறந்ததும் வரும் சிக்னல் வயரைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம்: பல பழைய வண்டிகளில் ஸ்டார்ட்டர் சுற்றும் வேளையில் சில வயர்களில் மின்சாரம் நின்றுவிடும். அப்படிப்பட்ட வயரில் ஈசியுவை இணைத்தால், எஞ்சின் கிளம்பவேண்டிய நேரத்தில் அது உறங்கிவிடும். ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு மீட்டரால் அளந்து பாருங்கள்.

பம்புக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும். அத்துடன் மோதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்சையும் அந்த இணைப்பில் சேர்த்துவிடுங்கள். விளக்குகள் எரியும்போது ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் 13.5 வோல்ட்டாவது தருகிறதா என்று பாருங்கள். பிளக் வயர்கள் ரெசிஸ்டர் வகையாக இருக்கட்டும்; வெறும் செம்புக் கம்பி வயர்களின் மின் இரைச்சல் ஈசியுவைக் குழப்பும். நீர் கடக்கும் வண்டியென்றால் ஈசியுவை எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரத்தில் வையுங்கள்.

ஆக்சிஜன் சென்சாரைக் கிடைமட்டத்துக்கு மேலே குறைந்தது 10 டிகிரி சாய்வில், கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் பொருத்துங்கள். ஈரம் அதில் தங்காது. அதற்கு முன்னால் புகைக்குழாயில் கசிவிருந்தால் சென்சார் பொய் சொல்லும். ஈசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டும்.

முதல் கிளப்பல்

1. தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எஞ்சினைக் கிளப்பாமல், சாவியை மட்டும் சில முறை திறந்து பம்பை ஓடவிடுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு துளி ஈரம் இருந்தாலும் மேலே போகாதீர்கள்.

2. சிலிண்டர் எண்ணிக்கை, எஞ்சின் கொள்ளளவு, இன்ஜெக்டர் அளவு ஆகியவற்றை ஈசியுவில் பதியுங்கள். த்ராட்டில் சென்சாரின் மூடிய நிலையையும் முழுத் திறப்பு நிலையையும் காட்டிக்கொடுங்கள்.

3. இக்னிஷனையும் ஈசியு நடத்துகிறதென்றால், டைமிங்கை ஓர் எண்ணில் நிறுத்திவைத்து, டைமிங் விளக்கால் புல்லியில் அதே எண் தெரிகிறதா என்று சரிபாருங்கள். திரையில் 15 டிகிரி, புல்லியில் 8 டிகிரி என்றால் மற்ற எல்லாம் தவறாகவே போகும்.

4. கிளப்பி, முழுச் சூடு ஏறும்வரை விடுங்கள். கற்றல் அதன்பிறகுதான் தொடங்கும். பிறகு மெதுவாகவும் வேகமாகவும், பாரத்துடனும் பாரமின்றியும் ஓட்டுங்கள். காற்றுக் கசிவுள்ள எஞ்சின் கற்றுக்கொள்வது அந்தக் கசிவைத்தான். முன்னால் சொன்ன சோதனைகளை இன்ஜெக்ஷனுக்குப் போகிறவர்களும் செய்தாக வேண்டியது இதனால்தான்.

முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா கிளிப்பையும் மறுபடி பார்த்து, வடிகட்டியை மாற்றுங்கள்; டேங்கின் அடியில் கிடந்த தூசி எல்லாம் அதற்குள் அங்கே சேர்ந்திருக்கும். நெடும்பயணத்தில் கையோடு இருக்கவேண்டியவை: உதிரிப் பம்ப், ரிலே, ஃபியூஸ், கூலன்ட் வெப்ப சென்சார், கிராங்க் சென்சார், ஒரு மல்டிமீட்டர், நீங்கள் கையால் வரைந்த வயரிங் படம். கார்புரேட்டரிலேயே தொடர்பவர்களுக்கு இந்தப் பை இன்னும் சிறியது: ஒரு நீடில் வால்வு, கேஸ்கெட் தொகுப்பு, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு அளவு ஜெட், வடிகட்டி, ஓர் ஸ்க்ரூடிரைவர்.